குட்டி பாத்ரூம்ல கருப்பு குழாய், கருப்பு கம்பி, கருப்பு தரை: 14 மாசம் கழிச்சு என் ரிவ்யூ

ரிவ்யூ போடறவங்க நிறைய பேரு சாமான் வந்த அன்னிக்கே பெட்டிய பிரிச்சு போட்டோ எடுத்து அஞ்சு ஸ்டார் குத்திடறாங்க. பாத்ரூம் சாமானுக்கு அது சரிப்பட்டு வராதுங்க. அதுல தண்ணி ஓடணும், அதுவும் நம்ம ஏரியா போர் தண்ணி ஓடணும், ஒரு வெயில் காலம் ஒரு மழைக்காலம் போகணும், அப்பறம்தான் சாயம் வெளுக்குதா இல்லையான்னு தெரியும். அதனால 14 மாசம் வாய மூடிட்டு இருந்துட்டு இப்பதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

மேடவாக்கம் பக்கம் பழைய ஃப்ளாட், பொது பாத்ரூம் 7 அடிக்கு நாலரை அடி. அவ்வளவுதான். உள்ள போயி கைய நீட்டினா ரெண்டு சுவரும் தொடலாம். சந்தன கலர் டைல்ஸ், நடுவுல வரிசையா ரோஜாப்பூ போட்ட பட்டை, அந்தக் காலத்துல எல்லா பில்டரும் போட்டது. கீழ் வீட்டு சீலிங்ல தண்ணி கசிஞ்சு அவங்க மூணு தடவை வந்து சொல்லிட்டுப் போனப்பறம் வேற வழியில்லாம உடைச்சு வாட்டர்ப்ரூஃபிங் பண்ண வேண்டியதா போச்சு. உடைக்கறதுன்னு ஆயிடுச்சு, அப்ப நல்லாவே பண்ணிடலாம்னு வீட்டுக்காரரு ஃபோன்ல போட்டோவா தேட ஆரம்பிச்சாரு. எல்லா போட்டோவுலயும் வெள்ளை சுவரு, கருப்பு குழாய், கருப்பு ஃப்ரேம் போட்ட கண்ணாடி, ஒரு ஓரமா ஒரு செடி. "இந்த மாதிரி ஹோட்டல் லுக் வேணும்"னாரு. செடி மட்டும் வேணாம், கொசு வரும்னேன். மத்ததுக்கெல்லாம் தலையாட்டிட்டேன், அதனால தப்புல எனக்கும் பாதி பங்கு உண்டு.

அத்தை மட்டும் முதல் நாளே சொன்னாங்க, "ஏம்மா, வீட்ல எல்லாத்தையும் கருப்பா மாட்டறீங்க, பாத்ரூமா இல்ல போட்டோ கழுவற ரூமா?"ன்னு. மன்னார்குடிக்காரங்க, நேரா சொல்ல மாட்டாங்க, இப்படித்தான்.

மொதல்ல குழாய். வேளச்சேரி மெயின் ரோடு பக்கம் ஒரு பெரிய ஷோரூம்ல வாங்கினோம், பேரு வேணாம். உள்ள போனா தலைக்கு மேல ஃபோகஸ் லைட்டு, சுவர் பூரா குழாயா மாட்டி வெச்சிருக்காங்க, கருப்பு குழாய்ங்க மேல லைட் அடிக்கும்போது அப்படியே வெல்வெட் மாதிரி இருக்கு. இப்ப யோசிச்சுப் பாத்தா அங்க ஒரு குழாய்ல கூட தண்ணி ஓடல! பட்டுப்புடவைய பொம்மைக்குக் கட்டிக் காட்டற மாதிரிதான், நாம கட்டிட்டு பந்தியில உக்காந்தாதானே தெரியும். வாஷ்பேசின் குழாய் குரோம்ல 2,100, அதே மாடல் மேட் கருப்புல, அதாவது பளபளப்பில்லாத கருப்புல, 3,050. ஷவர், தண்ணிய ஷவருக்கும் குழாய்க்கும் மாத்தி விடற டைவர்ட்டர், ஹெல்த் ஃபாசெட், சுவத்தோரமா தண்ணிய அடைக்கற ஆங்கிள் காக்னு எல்லாம் சேத்துக் கருப்புக்குன்னே கூடுதலா ஒம்பதாயிரத்துச் சொச்சம் குடுத்தோம். உள்ள இருக்கற பித்தளை ஒண்ணுதான், தண்ணிய திறந்து மூடற காட்ரிட்ஜ் ஒண்ணுதான், மேல் பூச்சுக்குத்தான் அந்தக் காசு.

அந்தப் பூச்சுல மூணு தினுசு இருக்குன்னு வாங்கினப்பறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பவுடர் கோட்டிங், அதாவது பொடிய ஒட்டவெச்சு சூளையில சுடறது, விலை கம்மி, ஆனா இடிபட்டா சில்லு பேந்து வரும். எலக்ட்ரோபிளேட்டிங் ஒண்ணு, மின்சாரம் விட்டு உலோகப் பூச்சு ஏத்தறது. அப்பறம் பிவிடி, வெற்றிடத்துல உலோகத்த ஆவியாக்கி மேல படியவிடறது, இதுதான் கீறல் தாங்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. "மேட் பிளாக்"னு மொட்டையா போட்டிருந்தா இது மூணுல எதுன்னு கேளுங்க. நான் கேக்கல. எங்க ஆங்கிள் காக்ல பிளம்பரு ரெஞ்ச் போட்டுத் திருகின இடத்துல முதல் நாளே ஒரு பல்லு தடம் விழுந்துச்சு, அது இன்னும் அப்படியே வெள்ளையா இளிச்சுட்டு இருக்கு. குரோம்ல விழுந்திருந்தா கண்டுபிடிக்கவே முடியாது. உங்க வீட்ல மாட்டும்போது பக்கத்துல நின்னு "அண்ணே, ரெஞ்சுல துணி சுத்திட்டு திருகுங்கண்ணே"ன்னு சொல்லுங்க, கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

சரி, தண்ணிக்கு வரேன். இதுதான் கதையே. எங்க போர் தண்ணி டிடிஎஸ் மீட்டர்ல, அதாவது தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு அளக்கற மீட்டர்ல, 1,100 காட்டும், வெயில் காலத்துல இன்னும் ஏறும். குடிக்கற தண்ணிக்கு அரசு தர நிர்ணயத்துல 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைனா 2,000 வரைன்னு சொல்லியிருக்கு, அப்ப பாத்துக்கங்க. அந்தத் தண்ணி குழாய் மேல சொட்டு சொட்டா நின்னு காயும்போது தண்ணி ஆவியாப் போயிடும், அதுல கரைஞ்சிருந்த சுண்ணாம்பு எங்கயும் போகாது, அங்கயே வட்டமா உக்காந்துக்கும். இது குரோம் குழாய்லயும் நடக்கறதுதான், ஆனா குரோம் பளபளன்னு இருக்கறதால பாதி மறைஞ்சுடும். கருப்புல கோலம் போட்ட மாதிரி பளிச்சுன்னு தெரியும். அதுவும் மேட்னா பூச்சு கொஞ்சம் சொரசொரப்பு, கறை நல்லா புடிச்சு உக்காரும். ரெண்டாவது வாரமே வாஷ்பேசின் குழாய் அடிப்பக்கம் வெள்ளை வளையம். மூணாவது மாசம் குழாய்க்குத் திருநீறு பூசின மாதிரி ஆயிடுச்சு.

என்னென்ன பண்ணேன்னு கேளுங்க. ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்ச்சேன், கறை போச்சு, ஆனா அந்த இடம் மட்டும் மினுமினுன்னு ஆயிடுச்சு, மேட்ட தேய்ச்சா மேட் போயிடும்னு அப்பதான் உறைச்சுது. அத்தை தேங்காண்ணெய் தடவச் சொன்னாங்க, "மூலவருக்கு எண்ணெய்க்காப்பு சாத்தினா எப்படி கருகருன்னு இருக்கு, அந்த மாதிரி தடவிப் பாரேன்"னு. தடவினேன். சத்தியமா அன்னிக்கு ஒரு நாள் ஷோரூம் மாதிரியே இருந்துச்சு. மறுநாள் எண்ணெய் மேல டால்கம் பவுடரும் தூசும் ஒட்டி மொத்தமா பிசுபிசுன்னு ஆச்சு, பையன் கை வழுக்கிக் குழாயத் திறக்கவே முடியல. கடைசியா வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து துணியில நனைச்சு, ரெண்டே நிமிஷம் சுத்தி வெச்சுட்டு கழுவித் துடைச்சேன், அது வேலை செஞ்சுது. ஆனா பெட்டியோட வந்த பேப்பர்ல ஆசிட் வகை எதுவும் படக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு, வினிகரும் ஆசிட்தானே, அதனால மாசம் ஒரு தடவைக்கு மேல பண்றதில்ல. டாய்லெட் கழுவற ஆசிட்ட மட்டும் கிட்டயே கொண்டு போகாதீங்க, அதுல இருக்கறது ஹைட்ரோகுளோரிக், குழாய் பூச்சோட டைல்ஸ் இடுக்குல இருக்கற சிமெண்டையும் சேத்து அரிச்சுடும். உண்மையான வைத்தியம் ஒண்ணுதான், குளிச்சுட்டு வரும்போது ஒரு துணியால குழாய துடைச்சுட்டு வர்றது. ஹோட்டல்ல கருப்பு குழாய் ஏன் புதுசு மாதிரியே இருக்குன்னா அங்க தினம் ஒருத்தர் சம்பளம் வாங்கிட்டு துடைக்கறாரு. எங்க வீட்ல அந்த ஒருத்தர் நான், சம்பளம் இல்ல.

ஷவர்ல மாட்டற பில்டர் வாங்கலாமேன்னு கேப்பீங்க. ஒண்ணு வாங்கினேன், பாட்டில் மாதிரி இருக்கும். டிடிஎஸ் மீட்டர வெச்சுப் பாத்தா முன்னயும் 1,100, பின்னயும் 1,100, ஏமாத்திட்டான்னு கத்திட்டு இருந்தேன், ஆனா அந்த டெஸ்ட்டே தப்பாம். உப்புத் தண்ணிய மென்மையாக்கற பெரிய சாஃப்ட்னர்ல கூட சுண்ணாம்பு, மெக்னீசியத்த எடுத்துட்டு அதுக்கு பதிலா சோடியத்த விடும், அதனால டிடிஎஸ் நம்பர் பெருசா மாறாது. சோப்பு நுரை வருதான்னு பாக்கறதுதான் சரியான டெஸ்ட். அதையும் பாத்தேன், என் பில்டர்ல நுரையும் வரல. ஆக திட்டினது திட்டினதுதான்.

கருப்பு ஷவர் மட்டும் பரவால்ல. 6 இன்ச் தட்டு, தண்ணி வர்ற ஓட்டையில எல்லாம் சின்ன ரப்பர் முனை இருக்கு, வாரம் ஒரு தடவை விரலால தேச்சு விட்டா உப்பு பொடிப்பொடியா உதிர்ந்துடுது. அடிப்பக்கம் புள்ளி புள்ளியா நட்சத்திரம் இருக்கத்தான் செய்யுது, யாரு அண்ணாந்து பாக்கப் போறா. ஹெல்த் ஃபாசெட் ஒரு வருஷத்துல ஒழுக ஆரம்பிச்சுது. அதுக்கு மாத்து வாங்கப் போனா அதே கம்பெனி கருப்பு ஸ்டாக் இல்ல, ரெண்டு வாரம் ஆகும்னாங்க, அவசரத்துக்கு வேற கம்பெனி கருப்பு வாங்கி மாட்டினேன். அப்பதான் கண்டுபிடிச்சேன், ஒவ்வொரு கம்பெனி கருப்பும் ஒவ்வொரு கருப்பு. ஒண்ணு லேசா காபித்தூள் சாயல், ஒண்ணு நீலம் ஓடுது. பக்கத்து பக்கத்துல இருந்தா பேன்ட்டுக்கும் கோட்டுக்கும் மேட்சாகாத மாப்பிள்ளை டிரெஸ் மாதிரி இருக்கு. வாங்கினா எல்லாத்தையும் ஒரே கம்பெனியில வாங்குங்க, ஹெல்த் ஃபாசெட் ஒண்ணு எக்ஸ்ட்ராவா வாங்கி பரண்ல போட்டு வைங்க. குழாய் வகையறாவுக்கு மொத்தமா அஞ்சுக்கு ரெண்டு மார்க்.

தரைக்கு ஒண்ணரை. கோவத்துல ஒண்ணுதான் போடலாம்னு இருந்தேன். 1 அடிக்கு 1 அடி மேட் கருப்பு டைல்ஸ், வழுக்காதுன்னு சொன்னாங்க, நிஜமாவே வழுக்கல, அந்த அரை மார்க் அதுக்குத்தான். சின்ன டைல்ஸா போட்டதால மேஸ்திரி சரிவும் நல்லா எடுத்துட்டாரு, தண்ணி தேங்கறதில்ல. ஆனா காய்ஞ்சா தரை கருப்பாவே இல்ல, சாம்பல் கலர். ஈரமா இருக்கும்போது கருப்பு, காய்ஞ்சா சாம்பல், பவுடர் போட்டுட்டு யாராச்சும் நடந்தா மூணாவது கலர். இடுக்குல கருப்பு கிரவுட் போட்டோம், சாதா சிமெண்ட் கிரவுட், ரெண்டு மாசத்துல உப்பு பூத்து வெளுத்துப் போச்சு. மேஸ்திரி எப்பாக்ஸி போடலாம், ரெசினும் ஹார்டனரும் கலக்கற வகை, உப்பு பூக்காது, ஆசிட்டுக்கும் அசையாதுன்னு சொன்னாரு, விலையக் கேட்டுட்டு நாங்கதான் வேணாம்னோம், அவரு மேல குத்தமில்ல. அப்பறம் இன்னொரு விஷயம், யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதறேன்: கருப்பு தரையில கரப்பான்பூச்சி தெரியாது. ராத்திரி தூக்கக் கலக்கத்துல போறப்ப காலுக்கடியில என்னமோ நகர்ந்தா எப்படி இருக்கும்! தலைமுடி தெரியாதுங்கறது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் முடிவு தெரியல. அது பாட்டுக்கு தண்ணி போற ஓட்டை மேல இருக்கற ஜாலியில போயி அடைச்சுக்கிட்டு, தண்ணி மேல வரும்போதுதான் இருக்கறதே தெரியுது.

கமோடையும் கருப்புல எடுக்கணும்னு வீட்டுக்காரரு ஒத்தக் கால்ல நின்னாரு. அதுல மட்டும் நான் மசியல. அத்தைக்கு வயசு 74, சுகர் பிரஷர் எல்லாம் இருக்கு, டாக்டர்கிட்ட போனா மோஷன் எந்தக் கலர்ல போகுது, யூரின்ல சிகப்பு இருக்கான்னு கேப்பாரு. கருப்பு கமோடுல என்னத்தப் பாத்து சொல்றது? வெள்ளையே எடுத்தோம். அதுல ஒரு எதிர்பாராத நல்லது, கருப்பு தரையில வெள்ளை கமோடு எடுப்பா தெரியறதால ராத்திரி மங்கல் வெளிச்சத்துலயும் அத்தை தடவாம போயி உக்காந்துடறாங்க. ஆனா வாசல்ல ஒரு கருப்பு கால்மிதி வாங்கிப் போட்டோம் பாருங்க, அது தப்பு. ரெண்டு நாளா அத்தை அதை மிதிக்காம தாண்டித் தாண்டிப் போயிட்டு இருந்தாங்க. ஏன்னு கேட்டா "பள்ளம் மாதிரி இருக்கும்மா, காலு வைக்கவே பயமா இருக்கு"ங்கறாங்க. கண்ணு மங்கினவங்களுக்கும் ஞாபக மறதி இருக்கறவங்களுக்கும் வெளிர் தரையில கருப்பு கால்மிதி குழி மாதிரிதான் தெரியுமாம், ஹால் தரை எங்களுது வெள்ளை வேற. அன்னிக்கே தூக்கி பால்கனியில போட்டேன். பெரியவங்க இருக்கற வீட்ல இதை மட்டும் தயவுசெஞ்சு கவனிங்க.

இவ்வளவு திட்டறியே, கருப்பே வேணாம்னு சொல்லவரியான்னா, அதான் இல்ல. அதே பாத்ரூம்ல தண்ணி படாத இடத்துல இருக்கற கருப்பு எல்லாம் 14 மாசத்துல மாட்டின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஜன்னல் அலுமினியம் ஃப்ரேம் கருப்பு பவுடர் கோட்டிங், சும்மா நச்சுன்னு இருக்கு. கருப்பு ஸ்விட்ச் பிளேட், கதவுக் கைப்பிடி, கண்ணாடிக்கு மேல இருக்கற லைட்டு, எதுலயும் ஒரு குறை கிடையாது, தூசி மட்டும் துடைக்கணும். வெள்ளை டைல்ஸ் சுவத்துல இதெல்லாம் பேனாவால கோடு இழுத்த மாதிரி நிக்குது, அந்தச் சின்ன ரூமுக்கு ஒரு ஒழுங்கு வந்துடுது. ரோஜாப்பூ பட்டை இருந்தப்ப ரூம நடுவுல வெட்டிப் போட்ட மாதிரி குள்ளமா இருக்கும், அதே இடத்துல கருப்புப் பட்டை ஓட்டலாம்னு டைல்ஸ் கடைக்காரரு சொன்னாரு, நல்லவேளை கேக்கல. குட்டி ரூம்ல படுக்கவசத்துல பட்டை ஓட்டாதீங்க, செங்குத்தா எவ்வளவு கோடு வேணா வரட்டும். 2 அடிக்கு 1 அடி வெள்ளை டைல்ஸயே நிக்க வெச்சு ஒட்டினோம், கூரை உயரமான மாதிரி ஒரு ஏமாத்து.

கண்ணாடி கதை தனி. முதல்ல ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினோம், கருப்பு ஃப்ரேம், போட்டோல இரும்பு மாதிரி இருந்துச்சு, வந்தது எம்டிஎஃப், அதாவது மரத்தூள அழுத்திப் பண்ற பலகைக்குக் கருப்பு பெயிண்ட். மூணே மாசத்துல கீழ் ஓரம் தண்ணி குடிச்சு ரொட்டி மாதிரி உப்பிடுச்சு. ரிட்டர்ன் தேதி தாண்டிடுச்சுன்னு கைய விரிச்சுட்டாங்க. அப்பறம் நம்ம சென்னை பாரிஸ் கார்னர் போயி தேவராஜ முதலி தெருவுல அளவு சொல்லி கண்ணாடி வெட்டி, கருப்பு அலுமினியம் ஃப்ரேம் போட்டு வாங்கிட்டு வந்தோம், ஆன்லைன்ல குடுத்ததவிட கம்மியாத்தான் ஆச்சு, ஆட்டோவுல மடியில வெச்சுக்கிட்டு மேடவாக்கம் வரைக்கும் மூச்சு விடாம வந்தது தனி. இதுக்கு கண்ண மூடிட்டு அஞ்சுக்கு அஞ்சு.

இன்னொரு மலிவான கருப்பு சொல்றேன், கிரானைட் கட் பீஸ். கிரானைட் யார்டுல வேற யாரு வீட்டு கிச்சன் மேடைக்கோ வெட்டினது போக மிச்சம் ஓரமா கிடக்கும், பேசினா அடிமாட்டு விலைக்குத் தருவாங்க. அதுல கதவு நிலையும் வாசப்படியும் ஜன்னல் அடியில ஒரு திட்டும் பண்ணிட்டோம். மரநிலை அடியில அழுகிப் போற தொல்லையே இனி இல்ல. ஷாம்பு பாட்டில் வெக்கற திட்டுல மட்டும் வெள்ளை வட்டம் விழுது, அது குளிக்கற பக்கம் இருக்கறதால. பாத்தீங்களா, திரும்பத் திரும்ப அங்கதான் வந்து நிக்குது.

டவல் ராடு, கொக்கி எல்லாம் ஸ்டீல்ல கருப்பு கோட்டிங். இதுல 304 கிரேடுன்னு கேட்டு வாங்குங்க, 202 ஈரத்துல சீக்கிரம் துரு காட்டும். காந்தம் ஒட்டலேன்னா 304னு கடையில ஒருத்தர் டெமோ காட்டினாரு, நம்பாதீங்க, 202லயும் காந்தம் ஒட்டாது. பில்லுலயோ சாமான்லயோ கிரேடு போட்டிருக்கான்னு பாருங்க. கொக்கி ஒண்ணு மட்டும் நான் பெயிண்ட் அடிச்ச இரும்புல சீப்பா வாங்கினேன், அது வழிய சுவத்துல ஆரஞ்சு கலர்ல கண்ணீர் விட்டுட்டு இருக்கு.

லைட்டப் பத்தி ஒரு வரி. கருப்பு வெளிச்சத்தத் தின்னும். முன்னாடி 9 வாட் பல்பு ஒண்ணே போதுமா இருந்த ரூமுக்கு இப்ப ரெண்டு வேண்டியிருக்கு, அதுவும் வெளிச்சத்தோட நிறத்தச் சொல்ற நம்பர் 6500 கெல்வின்ல போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, 4000ல போடுங்க.

எல்லாத்தவிட உருப்படியா வாங்கினது எதுன்னு கேட்டா, கமோடு பக்கத்துல மாட்டின பிடிமானக் கம்பி. ஒன்றரை அடி நீளம், மேட் கருப்பு. இதை நாங்க அழகுக்குன்னு கருப்புல எடுக்கவே இல்ல, மத்ததெல்லாம் கருப்பா இருக்கே இது மட்டும் ஸ்டீல் கலர்ல எதுக்குன்னு சும்மா எடுத்தோம். வெள்ளைச் சுவத்துல ஸ்டீல் கம்பி சரியா தெரியாது, கருப்புக் கம்பி கண்ணாடி போடாமலே தெரியுது. அத்தை கை நேரா அதுக்குத்தான் போகுது. ஃப்ளாட் டைல்ஸ் சுவத்துல வெறும் பிளாஸ்டிக் பிளக் போட்டு மாட்டாதீங்க, ஆள் வெயிட்டு தாங்கற மாதிரி ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்க, எங்க பிளம்பரு மாட்டிட்டு அவரே ஒரு தடவை தொங்கிக் காட்டினாரு.

போன வாரம் உள் ரூம் பாத்ரூமுக்கும் கொட்டேஷன் வாங்கியாச்சு. குழாய், ஷவர் எல்லாம் குரோம், தரை வெளிர் சாம்பல், கண்ணாடியும் ஜன்னலும் கருப்பு. வீட்டுக்காரரு இன்னும் முணுமுணுத்துக்கிட்டுதான் இருக்காரு, கருப்பு பக்கெட்டும் கருப்பு மக்கும் ஆர்டர் போட்டு சமாதானம் ஆகப் பாக்கறாரு. கொட்டேஷன் பேப்பர நான் படிச்சுக் காட்டிட்டு இருந்தப்ப, இந்த வீட்ல கருப்பே ஆகாதுன்னு சொன்ன அத்தை டிவிய மியூட் பண்ணிட்டு, "அந்தக் கருப்புக் கம்பி மாதிரி அங்கயும் ஒண்ணு எழுதிக்கம்மா, இல்ல ரெண்டா எழுதிக்க, எழுந்துக்கறப்ப இந்தப் பக்கமும் ஒண்ணு வேணும்"னாங்க.